பழைய ஹைலக்ஸுக்கு ஐசின் கிளச் செட்: வாங்கும் முன் கீழ் பம்பைப் பாருங்கள்

1988 தொடக்கம் 1997 வரை வந்த ஹைலக்ஸ் டீசல் பிக்கப்களுக்கு, எஞ்சின் 2எல் ஆனாலும் 3எல் ஆனாலும், ஐசின் கிளச் செட்டைத் தயங்காமல் வாங்கலாம். ஐசின் டொயோட்டா குழுமத்து நிறுவனம். பிளேட்டின் லைனிங், கவரின் டயஃப்ரம் ஸ்பிரிங், றிலீஸ் பேரிங் மூன்றிலும் வேலைப்பாடு சுத்தம். ஆனால் செட்டே தேவைப்படாத வண்டிக்கு அதை வாங்கிப் பூட்டுவது அடிக்கடி நடக்கிறது. நாலு வீல் வண்டியில் கிளச் பார்ப்பதென்றால் கியர்பொக்ஸோடு, முன் சக்கரங்களுக்கும் வலுவைப் பிரிக்கும் ட்ரான்ஸ்பர் கேஸும் இறங்க வேண்டும். அவ்வளவு வேலையும் முடிந்து, பெடலை மிதித்தால் பழைய நோய் அப்படியே இருக்கும்.

முதலில் றிவேர்ஸ் கியரைக் கேளுங்கள். அதற்குச் சிங்க்ரோ (கியர் பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) கிடையாது, அதனால் பொய் சொல்லாது. எஞ்சின் ஐட்லிங்கில் ஓட, பெடலை அடிவரை மிதித்து நாலைந்து வினாடி பொறுத்து றிவேர்ஸ் போடுங்கள். கரகரவென்று கடித்தால் கிளச் முழுதாக விடவில்லை. இப்போது பெடலை இரண்டு மூன்று தரம் பம்ப் அடித்துவிட்டு மறுபடி போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் குறை பிளேட்டில் இல்லை. பெடல் மிதிப்பைக் கிளச்சுக்குக் கொண்டுபோகும் எண்ணெய் லைனில் காற்று, அல்லது பம்பில் (பெடலருகே மேல் பம்ப், கியர்பொக்ஸருகே கீழ் பம்ப்) கசிவு. பம்ப் அடித்தும் மாறவில்லை, கீழ் பம்பின் தண்டும் சரியான தூரம் தள்ளுகிறது என்றால்தான் வளைந்த பிளேட், துருப்பிடித்த ஸ்ப்ளைன் (பிளேட் சறுக்கும் தண்டின் பற்கள்), இறுகிய பைலட் பேரிங் (அந்தத் தண்டின் முனையைத் தாங்குவது) என்று உள்ளே சந்தேகப்பட வேண்டும்.

கீழ் பம்ப், கிளச்சை மூடிய கூடான பெல் ஹவுசிங்கின் வெளியே இரண்டு போல்ட்டில் நிற்கிறது. அதன் றப்பர் மூடியை விரலால் விலக்கிப் பாருங்கள். உள்ளே கறுத்த ஈரம் ஒட்டினால் சீல் போய்விட்டது. மேல் பம்புக்கு டாஷ் போர்டின் கீழ் குனிந்து, பெடல் தண்டு சுவருக்குள் போகும் இடத்தைத் தடவ வேண்டும். எங்கும் ஈரமில்லை, ஆனால் மிதித்துப் பிடித்திருக்கையில் பெடல் மெதுவாகக் கீழே இறங்குகிறது, கியரில் நிற்கும் வண்டி தானாக நகரப் பார்க்கிறது என்றால், மேல் பம்பின் உள் சீல் எண்ணெயைப் பின்னால் விடுகிறது. பெடல் சோம்பலாகத் திரும்பினால் றப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கும். இவை எல்லாவற்றுக்கும் மருந்து பம்ப் கிட், ஹோஸ், டொட் 3 பிரேக் ஒயில். கிளச் செட் அல்ல.

வழுக்கலைக் கண்டுபிடிக்க ஏற்றமே போதும். நாலாவது கியரில் அழுத்தும்போது எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் வழுக்குகிறது. ஆனாலும் உடனே கியர்பொக்ஸை இறக்க வேண்டாம், பெடலின் சும்மா ஆட்டத்தை, அதாவது பாரம் தட்டும் முன் அது லேசாக நகரும் தூரத்தை, அளந்து பாருங்கள். 5 முதல் 15 மி.மீ. இருக்க வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் மேல் பம்பின் தண்டு நீளமாகத் திருகப்பட்டு, றிலீஸ் பேரிங் எந்நேரமும் கவரை அழுத்திக்கொண்டிருக்கும். அந்த நிலையில் புதுச் செட்டும் சீக்கிரம் கருகும்.

சத்தத்தைப் பிரிப்பது எளிது. பெடலை இலேசாகத் தொட்டதும் கீச்சிட்டால் றிலீஸ் பேரிங். அடிவரை மிதித்தபோது மட்டும் உறுமினால் பைலட் பேரிங், ஏனென்றால் அது சுழல்வது அப்போதுதான். நியூட்ரலில் பெடல் மேலே இருக்க இரைந்து, மிதித்ததும் அடங்கினால் கியர்பொக்ஸின் முன் பேரிங். அதைச் செட் தீர்க்காது.

புறப்படும்போது வண்டி உதறினால் பெல் ஹவுசிங்கின் அடியில் பாருங்கள். கறுத்த எண்ணெய் சொட்டினால் எஞ்சினின் பின் ஒயில் சீல். கந்தக நெடி அடித்தால் கியர் ஒயில். எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெற்றோலில் கழுவிப் பூட்டுவது வீண், சூடேறியதும் உள்ளே ஊறியது மறுபடி வெளியே வரும். எஞ்சின், கியர்பொக்ஸ் மவுண்ட் றப்பர்களும் இதே உதறலைத் தரும், அவற்றை முதலில் அசைத்துப் பாருங்கள்.

இத்தனையும் பார்த்தபின் உள்ளேதான் குறை என்றால் ஐசின் செட்டுக்குக் கொடுக்கும் பணம் தகும். லைனிங் மட்டும் மாற்றிய பழைய பிளேட் மலிவு, ஆனால் அதன் நடு ஸ்பிரிங்குகள் பழையவைதான். தளர்ந்த ஸ்பிரிங் கியர் மாற்றும்போதெல்லாம் டக்கென்று இடிக்கும். பழைய கவரைத் திரும்பப் பூட்டுவது அதைவிட மோசம்: பேரிங் உரசும் விரல் நுனிகளில் 0.6 மி.மீ. பள்ளம் விழுந்திருந்தால் அது கழிவு. பிளேட்டில் ரிவெட் தலைக்கு மேல் லைனிங் 0.3 மி.மீ. வந்துவிட்டாலும் அப்படியே.

செட்டின் குறை ஒன்று: எல்லாக் கடையிலும் பைலட் பேரிங் சேர்த்துக் கொடுப்பதில்லை. கேட்டு வாங்குங்கள். எஞ்சினுக்கு ஏற்ப அளவு மாறும் என்பதால், பழைய பிளேட்டின் விட்டத்தை அளந்து, ஸ்ப்ளைன் பற்களை எண்ணிக்கொண்டு கடைக்குப் போவதே பாதுகாப்பு.

பூட்டும்போது ஃப்ளைவீலை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடி போன்ற பளபளப்பும் இடையிடையே நீலப் புள்ளிகளும் தெரிந்தால் லேத்தில் முகம் எடுத்தே ஆக வேண்டும். கியர்பொக்ஸ் இறங்கியிருக்கும்போதே பின் ஒயில் சீலையும் மாற்றிவிடுங்கள். பிளேட்டின் ஸ்பிரிங் புடைத்த பக்கம் கியர்பொக்ஸை நோக்க வேண்டும். நடுத்தண்டு போட்டுப் பிளேட்டை மையம் பிடித்த பிறகு, கவர் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக 19 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். ஒரே பக்கமாக இறுக்கினால் கவர் வளைந்து புதுச் செட்டே உதறும். ஸ்ப்ளைனில் கிறீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். அப்பினால் சுழற்சியில் தெறித்து லைனிங்கில் ஒட்டும். எல்லாம் பூட்டி முடித்துக் காற்று எடுக்கையில் மேல் பம்பின் டப்பா ஒருமுறைகூட வற்றக்கூடாது, வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதல் 500 கி.மீ. சுமை ஏற்றாமல், அரை கிளச்சில் ஏற்றத்தில் நிறுத்திப் பிடிக்காமல் ஓட்டுங்கள்.