எரிந்த வால்வ் ரேடியோ ட்ரான்ஸ்போமர்: புதிதா, திரும்பச் சுற்றுவதா?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் பழைய வால்வ் ரேடியோ வைத்திருப்பவர்கள், வீட்டுக் கரண்டை ரேடியோவுக்கு வேண்டிய வோல்ட்டுகளாக மாற்றும் பவர் ட்ரான்ஸ்போமர் எரிந்ததும் பெட்டியையே பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள். மனசு கேட்கவில்லை. அதை மாற்றலாம், வழிகள் இருக்கின்றன.

முதலில் தேவை என்னவென்று பார்ப்போம். ஈ.சி.எச். 81, ஈ.பி.எஃப். 89, ஈ.ஏ.பி.சி. 80, ஈ.எல். 84 வால்வுகளும், ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ஈ.இசட். 80 வால்வும் போட்ட பெட்டியில் ஹீட்டருக்கு (வால்வைச் சூடாக்கும் இழைக்கு) மட்டும் 6.3 வோல்ட்டில் 2.4 அம்பியர் போகும். எச்.டி. (வால்வுகளுக்கான உயர் வோல்ட்) பக்கம், நடுத்தட்டு, அதாவது சுற்றின் நடுவிலிருந்து எடுத்த இணைப்பு, வைத்த 250-0-250 வோல்ட், 70, 80 மில்லி அம்பியர்.

வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பவர்கள் பெரும்பாலும் ஹேமண்ட் கம்பனி ட்ரான்ஸ்போமர் எடுப்பார்கள். அதில் 270 வரிசை 115 வோல்ட், 60 ஹேர்ட்ஸுக்கானது. நம் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். இடையில் வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் வைத்தாலும் 50 ஹேர்ட்ஸில் அதன் இரும்பு கூடச் சூடாகும். 50 ஹேர்ட்ஸும் எழுதிய 300 வரிசைதான் நமக்குச் சரி. தரத்தில் குறையில்லை, ஆனால் கனமான சாமான் என்பதால் தபால் செலவு கடிக்கும். பழைய திருகுத் துளைகளிலும் அப்படியே உட்காராது.

இரண்டு சாதாரண 6 வோல்ட் ட்ரான்ஸ்போமரை முதுகுக்கு முதுகு இணைப்பது மலிவு. முதலாவதன் 6 வோல்ட் ஹீட்டருக்குப் போதும், அதிலிருந்தே இரண்டாவதைத் தலைகீழாக ஓட்டி எச்.டி. எடுக்கலாம். நடுத்தட்டு இல்லாததால் ஈ.இசட். 80ஐ விட்டுவிட்டு 1என்4007 டயோட் நான்கு போட வேண்டும். பலர் சறுக்குவது அம்பியர் கணக்கில்: முதலாவது ஏழு அம்பியராவது தர வேண்டும். மூன்று அம்பியர் சாமான் கொஞ்ச நேரத்தில் கொதிக்கும். பெட்டி வேலை செய்கிறதா என்று சோதிக்க இது நல்லது. நிரந்தரமாக வைக்க எனக்கு விருப்பமில்லை.

உடைந்த பெட்டியிலிருந்து கழற்றியது கிடைத்தால் அதிர்ஷ்டம். அதுவும் அதே வயசுதான்.

என் தெரிவு, இருப்பதைத் திரும்பச் சுற்றுவது. தகடு, மூடி, துளை எல்லாம் பழையதே. பிரிக்கும்போது ஹீட்டர் சுற்றை எண்ணுங்கள்: 32 சுற்று என்றால் வோல்ட்டுக்கு ஐந்து. மற்றதெல்லாம் அந்தக் கணக்கில் வரும். பிரைமரியை (வீட்டுக் கரண்ட் வரும் சுற்றை) 230, 240 இரண்டுக்கும் தனித்தனி இணைப்புத் தட்டு வைத்துச் சுற்றச் சொல்லுங்கள். மோட்டர் சுற்றும் கடைக்காரருக்குத் தடித்த கம்பி பழக்கம், எச்.டி. கம்பியோ தலைமயிர் போல. ஒவ்வொரு அடுக்குக்கும் தாள் வைப்பாரா, கடைசியில் வார்னிஷில் ஊறப்போட்டுச் சூட்டில் காயவைப்பாரா என்று கேட்காமல் கொடுக்காதீர்கள். கடற்காற்று உள்ளே போனால் கம்பி பச்சை பூத்து அறுந்துவிடும். பிரித்த ட்ரான்ஸ்போமர்களில் அந்தப் பச்சையை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எதைப் போட்டாலும், பழையது ஏன் எரிந்தது என்று முதலில் பிடியுங்கள். ஒழுகும் ஃபில்டர் கண்டன்சரும் ஷோர்ட்டான ஈ.இசட். 80உம்தான் வழக்கமான குற்றவாளிகள். கண்டன்சர் மாற்றும்போது ஈ.இசட். 80க்கு அடுத்து வருவது 50 மைக்ரோஃபரட்டைத் தாண்டக்கூடாது. முதல் தடவை 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு ஓன் பண்ணுங்கள். பல்ப் பளிச்சென்று எரிந்து மங்காமல் நின்றால் உடனே பிளக்கைக் கழற்றுங்கள், ஷோர்ட் இன்னும் உள்ளே இருக்கிறது.