எல்டிஸ்பைஸிலிருந்து எக்செலுக்கு: ஏற்றுமதி சுலபம், சராசரியில் உஷார்

அனலாக் டிவைசஸ் நிறுவனம் இலவசமாகத் தரும் சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருளான எல்டிஸ்பைஸ், பவர் சப்ளை சர்க்யூட்டுகளை ஓட்டிப் பார்ப்பதில் காசு கொடுத்து வாங்கும் பல மென்பொருள்களுக்கு ஈடுகொடுக்கும். இங்கே மதிப்பிடுவது அதன் ஒரே ஒரு வசதியை: கிடைத்த அலைவடிவத்தை எண்களாக எக்செலுக்கோ லிப்ரேஆபிஸ் கால்க்குக்கோ கொண்டுபோவது. எண்கள் நிச்சயம் வந்துசேரும். வந்த எண்களை அப்படியே நம்பி ஃபார்முலா போட்டால்தான் வம்பு.

வழி இதுதான். அலைவடிவ விண்டோவைக் கிளிக் செய்து முன்னால் கொண்டுவந்தால் ஃபைல் மெனுவில் 'எக்ஸ்போர்ட் டேட்டா ஆஸ் டெக்ஸ்ட்' தெரியும். அதற்குள் வேண்டிய சிக்னல்களைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்தால், டேப் இட்டுப் பிரித்த ஒரு டெக்ஸ்ட் ஃபைல் கிடைக்கும். முதல் வரி தலைப்பு, முதல் நெடுவரிசை நேரம். அதை எக்செலின் ஓப்பன் மெனு வழியாகத் திறந்தால் இறக்குமதி விசார்ட் தானாக வரும். 'டிலிமிட்டட்', 'டேப்' இரண்டையும் தேர்ந்தால் முடிந்தது. லிப்ரேஆபிஸில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 'டிடெக்ட் ஸ்பெஷல் நம்பர்ஸ்' பெட்டியில் டிக் இல்லாவிட்டால், அடுக்குக்குறியோடு (1e-6 போல) வரும் எண்கள் வெறும் எழுத்தாகவே செல்லில் உட்கார்ந்துவிடக்கூடும். கூட்டினால் பூஜ்யம் வரும், காரணம் புரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். மொழியை ஆங்கிலம் (அமெரிக்கா) என்று வைத்துவிடுங்கள். ஜெர்மன், பிரெஞ்சு அமைப்பில் ஓடும் கணினிகளில் தசமப் புள்ளிக்குக் கமாதான் வழக்கம் என்பதால், அங்கே இது கட்டாயம்.

இனி முக்கியமான சங்கதி. எல்டிஸ்பைஸ் சம இடைவெளியில் கணக்குப் போடுவதில்லை. சிக்னல் வேகமாக மாறும் இடத்தில் நேரப்படியைச் சுருக்கும், தட்டையாக ஓடும் இடத்தில் நீட்டும். போதாக்குறைக்கு, ஃபைல் அளவைக் குறைக்க, சேமிக்கும்போதே புள்ளிகளைச் சலித்தும் எடுக்கிறது. ஆகவே ஸ்விட்சிங் விளிம்புகளில் (மின்னழுத்தம் சட்டென ஏறி இறங்கும் இடங்களில்) புள்ளிகள் குவிந்திருக்கும், நடுவில் அரிதாக இருக்கும். இந்த நெடுவரிசைக்கு ஆவரேஜ் ஃபங்ஷன் போட்டால் கிடைப்பது புள்ளிகளின் சராசரி; மின்னழுத்தத்தின் சராசரி அல்ல. 10 மைக்ரோ செகண்ட் சுழற்சியில் 4 மைக்ரோ செகண்ட் 12 வோல்ட், மீதி 6 மைக்ரோ செகண்ட் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். உண்மைச் சராசரி 4.8 வோல்ட். மேல்தட்டில் 25 புள்ளி, கீழ்த்தட்டில் 25 புள்ளி பதிவாகியிருந்தால் எக்செல் 6 வோல்ட் என்று சொல்லும். பிழை 25 சதவீதம், ஆனால் திரையில் ஓர் எச்சரிக்கையும் வராது.

சரியான முறை: நேரம் ஏ நெடுவரிசையிலும் மின்னழுத்தம் பி நெடுவரிசையிலும் இருந்தால், சி3 செல்லில் ஏ3-இலிருந்து ஏ2-ஐக் கழித்து, பி3, பி2 இரண்டின் சராசரியால் பெருக்குங்கள். கடைசி வரி வரை இழுத்துக் கூட்டி, மொத்த நேரத்தால் வகுங்கள். ஆர்எம்எஸ் (வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம்) வேண்டுமென்றால் பி3, பி2 இவற்றின் வர்க்கங்களை வைத்து இதையே செய்து கடைசியில் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். சரிபார்க்க எல்டிஸ்பைஸிலேயே வசதி இருக்கிறது: கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு அலைவடிவத்தின் பெயர் மேல் கிளிக் செய்தால், திரையில் தெரியும் பகுதிக்கான சராசரியும் ஆர்எம்எஸ்ஸும் காட்டும். சொல்லப்போனால், அந்த இரண்டு எண்தான் தேவை என்றால் எக்செல் பக்கமே போக வேண்டாம்.

வரைபடத்திலும் இதே கதை. 'லைன்' வகை எக்ஸ் அச்சை வெறும் வரிசை எண்ணாக எடுத்துக்கொள்ளும். விளிம்புகள் சாய்ந்து விரிந்து தெரியும். 'ஸ்கேட்டர்' வகையில், நேர்கோட்டால் இணைக்கும் வடிவத்தை எடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் வளைகோட்டு வடிவம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் விளிம்புக்கு அருகே சர்க்யூட்டில் இல்லாத ஓவர்ஷூட்டை (அளவு தாண்டிய துள்ளலை) அதுவே வரைந்துவிடும். அறிக்கையில் அதைப் பார்த்துவிட்டு யாராவது ஸ்னப்பரை (அந்தத் துள்ளலை அடக்கும் பாகங்களை) மாற்றச் சொன்னால் பாவம் அந்த டிசைனர்!

புள்ளிகளைச் சலிப்பதை நிறுத்த, சர்க்யூட்டில் ஸ்பைஸ் டைரக்டிவாக (வரைபடத்தில் எழுதும் கட்டளையாக) ஆப்ஷன்ஸ் வரியில் பிளாட்வின்சைஸ் மதிப்பைப் பூஜ்யம் ஆக்குங்கள். நேரப்படி அப்போதும் சமமாகாது, கணக்கிட்ட புள்ளிகள் எல்லாம் சேமிக்கப்படும், அவ்வளவே. ஃபைல் வீங்கும். எக்செலின் எல்லை 10,48,576 வரிகள். 10 மில்லி செகண்ட் ஓட்டத்துக்கு அதிகபட்ச நேரப்படி 10 நானோ செகண்ட் என்று வைத்தாலே குறைந்தது 10 லட்சம் வரிகள். விளிம்புகளில் கூடுதலாகச் சேர்வதையும் கணக்கில் எடுத்தால் எல்லை எளிதில் தாண்டும், மிச்சம் வெட்டுப்படும். டிரான்சியன்ட் (நேரத்தோடு மாறுவதைக் கணக்கிடும்) கட்டளையில் சேமிப்பு தொடங்கும் நேரத்தைத் தள்ளிவைத்து, நிலைபெற்ற பிறகான சில சுழற்சிகளை மட்டும் எடுப்பதே புத்திசாலித்தனம்.

பலர் கவனிக்காத ஒன்று துல்லியம். டிரான்சியன்ட் ஓட்டத்தில் நேரம் 64 பிட்டிலும் மின்னழுத்தம், மின்னோட்டம் 32 பிட்டிலும் சேமிக்கப்படுகின்றன. 400 வோல்ட் லைனில் உட்கார்ந்திருக்கும், மின்னோட்டத்தை அளக்க வைக்கும் ஷன்ட் ரெசிஸ்டரின் இரு முனைகளையும் தனித்தனியாக ஏற்றுமதி செய்து எக்செலில் கழித்தால், ஒவ்வொரு எண்ணும் சுமார் 30 மைக்ரோ வோல்ட் படிகளில்தான் நகரும். ஷன்ட்டில் விழுவதே 1 மில்லி வோல்ட் என்றால் மின்னோட்டம் படிக்கட்டாகத் தெரியும். ஆப்ஷன்ஸ் வரியில் நம்டிஜிட் மதிப்பை 7 ஆக்கினால் எல்லாமே இரட்டைத் துல்லியத்தில் சேரும். ரெசிஸ்டரின் மின்னோட்டத்தையே நேராக ஏற்றுமதி செய்வது இன்னும் சுலபம்.

ஏசி அனாலிசிஸ் (அதிர்வெண் வாரியான கணக்கு) முடிவுகள் வருகிற விதம் எரிச்சலூட்டும். போலார் வடிவத்தில் ஒரே செல்லுக்குள் அடைப்புக்குறி, டெசிபல், கமா, கோணம், டிகிரிக் குறி எல்லாம் ஒன்றாக வந்து விழும். டிகிரிக் குறி யூனிகோடில் வராத ஃபைல்களை யுடிஎஃப்-8 என்று திறந்தால் அந்த இடத்தில் குப்பை எழுத்து வரும். விண்டோஸ்-1252 என்று மாற்றிப் பாருங்கள். டேப்போடு கமாவையும் பிரிப்பானாகச் சேர்த்து, மிஞ்சும் குறிகளை ஃபைண்ட்-ரீப்ளேஸில் நீக்கலாம். அதைவிட, ஏற்றுமதி செய்யும்போதே கார்ட்டீசியன் வடிவத்தைத் தேர்ந்தால் மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி என்று இரண்டு சுத்தமான எண்கள் கிடைக்கும். டெசிபலை ஒரு ஃபார்முலாவில் எடுத்துவிடலாம். எஃப்எஃப்டி-யை (அலைவடிவத்தை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கை) எக்செலில் செய்ய ஆசைப்பட வேண்டாம். அனாலிசிஸ் டூல்பேக் 4096 புள்ளிகளோடு நின்றுவிடும், அதுவும் சம இடைவெளிப் புள்ளிகள் கேட்கும். எல்டிஸ்பைஸின் வியூ மெனுவிலேயே எஃப்எஃப்டி போட்டு முடிவை மட்டும் கொண்டுவாருங்கள்.

ஒரு மதிப்பை மாற்றி மாற்றி ஓட்டும் ஸ்டெப் கட்டளையோடு ஓட்டினால், எல்லா ஓட்டங்களும் ஒரே ஃபைலில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும். இடையிடையே 'ஸ்டெப் இன்ஃபர்மேஷன்' என்று தொடங்கும் வரிகள் வரும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் நேரப்புள்ளிகள் வேறு, வரி எண்ணிக்கையும் வேறு என்பதால் பக்கம் பக்கமாக வெட்டி ஒட்டுவது சரிவராது. இங்கே டேட்டாவை இறக்கிச் சீராக்கும் எக்செலின் பவர் க்வெரி பெயர் வாங்குகிறது. முதலில் அது தானாகச் சேர்க்கும் 'சேஞ்ச்ட் டைப்' படியை நீக்குங்கள், இல்லாவிட்டால் அந்த இடைவரிகள் எல்லாம் எரர் ஆகும். முதல் நெடுவரிசை அந்தச் சொற்களில் தொடங்கினால் அதையே எடுக்கும், இல்லாவிட்டால் நல் என்று விடும் ஒரு கண்டிஷனல் காலம் சேர்த்து, ஃபில் டவுன் கொடுத்து, இடைவரிகளை வடிகட்டி, கடைசியில் எண் வகையை அமைக்க வேண்டும். ஒருமுறை செய்தால் அடுத்த முறை ரிஃப்ரெஷ் போதும். ஒரு நிபந்தனை: நோடுகளுக்கு (பாகங்கள் இணையும் புள்ளிகளுக்கு) நீங்களே பெயர் வைத்திருக்க வேண்டும். மென்பொருள் தானாகத் தரும் என்001, என்002 எண்கள் சர்க்யூட்டில் ஒரு பாகம் சேர்த்தாலே மாறக்கூடும். க்வெரி அந்த நெடுவரிசையைக் காணோம் என்று நின்றால்கூடப் பரவாயில்லை. அதே பெயரில் வேறு நோடின் அளவு வந்து உட்கார்ந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அலைவடிவம் வேண்டாம், ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் உச்சம், ரிப்பிள் (ஏற்ற இறக்கம்), திறன் என்று ஓரெண் போதும் என்பவர்கள் மெஷர் கட்டளையை எழுதிவிடுங்கள். ஓட்டம் முடிந்ததும் கண்ட்ரோல்-எல் அழுத்தினால் லாக் திறக்கும். அங்கே ஸ்டெப் வாரியாக அட்டவணை தயாராக இருக்கும், அப்படியே நகலெடுத்து எக்செலில் ஒட்டலாம். அதில் வருவது ஸ்டெப்பின் எண்தான். எந்த எண்ணுக்கு எந்த ரெசிஸ்டர் மதிப்பு என்பது அதே லாக்கில் மேலே இருக்கும், அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.