32ஓ 36ஓ எண்டு கேக்க முதல் கழுத்தைக் கேளுங்கோ: என்ர இடுப்பு மூட்டோட மூண்டு வருசம்

சாவகச்சேரியில இருக்கிற சின்னம்மாவின்ர மகளுக்கும் இடுப்பு மூட்டு மாத்தத்தான் வேணும் எண்டு சொல்லிப்போட்டினமாம். நேத்து இரவு வாட்ஸ்அப்பில நாலு வொய்ஸ் போட்டிருந்தவள், "அக்கா, 36 போடச் சொல்லட்டோ, 32 காணுமோ, செரமிக்குக்குக் காசு கூடக் கேக்கினம், குடுக்கலாமோ" எண்டு. 32, 36 எண்டது மூட்டுக்குள்ள உருளுற உருண்டையின்ர மில்லிமீற்றர் அளவு. பதில் சொல்ல வெளிக்கிட்டு அரை மணித்தியாலம் கதைச்சும் முடியேல்லை, அதால இருந்து எழுதுறன். ஒப்பரேசன் எப்பிடி, எத்தினை நாள் வாட்டில எண்டதெல்லாம் எல்லாரும் சொல்லுவினம், அதை விடுறன்.

எனக்கு 2022 கார்த்திகையில வலது பக்கம் கொழும்பில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில செய்தது, அப்ப வயசு 58. இடுப்பெலும்புக்குள்ள வைக்கிற கிண்ணம் 48 மில்லிமீற்றர், டைட்டானியம். அதுக்குள்ள கிராஸ்லிங்க்ட் பொலிஎதிலீன் லைனர், அதாவது லேசில தேயாத பிளாஸ்டிக் உள்உறை, லைனருக்குள்ள உருளுறது 32 மில்லிமீற்றர் செரமிக் உருண்டை. தொடை எலும்புக்குள்ள இறங்கிற தண்டும் டைட்டானியம், சீமெந்து வைக்காதது, எலும்பு அதில ஒட்டி வளர வேணும். ஒவ்வொரு பெட்டியிலயும் இருந்த ஸ்டிக்கரை உரிச்சு ஒரு கார்டில ஒட்டித் தந்தவை, அந்தக் கார்டை வாங்காம ஒருத்தரும் வீட்டுக்கு வராதேங்கோ. என்ர கார்டில உருண்டையின்ர ஸ்டிக்கரில 32க்குப் பக்கத்தில சின்னதா +5 எண்டு ஒரு இலக்கம் இருக்கு. முதல் ஒரு வருசம் அது என்ன எண்டு நான் ஒருத்தரையும் கேக்கேல்லை, ஒருத்தரும் சொல்லவும் இல்லை.

முதல்ல சாமானைப் பற்றி நல்லதைச் சொல்லுறன், ஏனெண்டா அது உண்மையிலயே நல்லது. இரவில புரண்டு படுக்க ஏலாம அழுத வலி, ரெண்டாம் கிழமையே இல்லை. மூண்டு வருசத்தில ஒரு கிறீச் சத்தமில்லை, ஒரு நாள் கழண்டதில்லை. கனடாவில இருக்கிற பெறாமகன் அப்ப "மெட்டல் எண்ட பேரே வேண்டாம் பெரியம்மா" எண்டு ஒரே பிடி. அவன் சொன்னது மெட்டல் கிண்ணத்துக்குள்ள மெட்டல் உருண்டை உருளுற வகையை, 2010இல அதில ஒண்டை உலகம் முழுக்கத் திருப்பி எடுத்தவை, கோபால்ட்டும் குரோமியமும் உரசி உரசி இரத்தத்துக்குப் போகுது எண்டு. ஆனா மெட்டல் உருண்டை பிளாஸ்டிக்குக்குள்ள உருளுறது வேற விசயம், அது இப்பவும் போடினம், எழுபது வயசு தாண்டின ஆக்களுக்கு அது காணும் எண்டு தான் டொக்டரும் சொன்னவர். தங்கச்சிக்கு வயசு 52, அவள் செரமிக்குக்குக் காசைக் குடுக்கலாம். பழைய பிளாஸ்டிக் வருசத்துக்கு 0.1 மில்லிமீற்றர் அளவில தேயுமாம், இப்ப வாறது அதில பாதி கூட இல்லையாம், அப்ப இன்னும் இருவது வருசம் ஓடவேண்டிய ஆளுக்கு அது பெரிய விசயம்.

36 கதைக்கும் வாறன். உருண்டை பெரிசெண்டா லேசில கழண்டு வராது, அது சரி. 1962இல இங்கிலாந்தில சார்ன்லி எண்ட டொக்டர் பிளாஸ்டிக் கிண்ணம் வைக்கத் தொடங்கேக்க உருண்டை 22 மில்லிமீற்றர் தான், தேய்வு குறைய வேணும் எண்டு சின்னதா வச்சவர், ஆனா சின்னன் லேசில கழரும். இப்ப பிளாஸ்டிக் நல்லதெண்டபடியா 32, 36 எண்டு போகினம். ஆனா கிண்ணத்தின்ர அளவு எங்கட எலும்பு சொல்லுற அளவு, நாங்கள் கேக்கிற அளவு இல்லை. என்னைப்போல சின்ன உடம்புக்கு 48 கிண்ணம் வச்சுப்போட்டு அதுக்குள்ள 36 ஐத் திணிச்சா இடையில இருக்கிற லைனர் மெல்லிசாப் போயிரும். அதால 32ஓ 36ஓ எண்டு மண்டையை உடைக்காதையுங்கோ, அது கிண்ணத்தோட தானா முடிவாகிற விசயம்.

இப்ப என்ர கோவத்துக்கு வாறன்.

என்ர வலது கால் 8 மில்லிமீற்றர் நீளம். ஒப்பரேசன் முடிஞ்சு வோக்கரோட எழும்பின அண்டைக்கே சொன்னன், கால் நீண்டுபோச்சு எண்டு. "பழகும் அம்மா" எண்டவை. முதல் ஆறு மாசம் ரெண்டு சென்ரிமீற்றர் மாதிரித் தெரிஞ்சது, இடுப்பைச் சுத்தி இருக்கிற தசை இறுகி இடுப்பெலும்பு சரிஞ்சு நிக்கிறதாலயாம், அது உண்மைதான், பயிற்சி செய்யச் செய்யக் குறைஞ்சது. குறைஞ்சு குறைஞ்சு 8இல வந்து நிண்டுட்டுது. இங்க பிசியோ பிள்ளை இடது காலுக்குக் கீழ மெல்லிசுப் பலகைத் துண்டுகளை ஒண்டொண்டா வச்சு, எனக்குப் பின்னால குந்தி இருந்து ரெண்டு இடுப்பெலும்பிலயும் கையை வச்சுப் பாத்து, "இப்ப மட்டமா நிக்கிறீங்கள் அன்ரி" எண்டு சொல்லேக்க எனக்குக் கண் கலங்கிப்போச்சு. மட்டமா நிண்டா எப்பிடி இருக்கும் எண்டது அப்பத்தான் திரும்ப ஞாபகம் வந்தது.

ஒரு வருசம் கழிச்சு கிளினிக்கில கார்டைக் காட்டி +5ஐக் கேட்டன். டொக்டர் மறைக்காமச் சொன்னவர், அதுக்கு அவருக்கு நன்றி. உருண்டை தண்டின்ர கழுத்தில போய் ஏறும், 0, +5 எண்டு போறது அந்தக் கழுத்து எவ்வளவு நீளும் எண்ட கணக்கு. கழுத்து சரிவா நிக்கிறதால, கூரைக் கைமரம் மாதிரி, 5 மில்லிமீற்றர் நீண்டா 3 மில்லிமீற்றர் அளவு உயரமாப் போகும், 4 அளவு பக்கவாட்டில போகும். எனக்கு ஒப்பரேசன் மேசையில 0 போட்டுப் பாக்க மூட்டு லூசா இருந்ததாம், கழண்டு விழும் எண்ட பயம். அதுக்குச் சரியான வழி ஹை ஆஃப்செட் தண்டு, அது உயரத்தைக் கூட்டாமப் பக்கவாட்டில மட்டும் தள்ளித் தசையை இறுக்கும். என்ர சைஸில அது அண்டைக்குக் கொண்டுவந்த பெட்டியில இல்லையாம். அதால +5. தண்டும் எலும்புக்குள்ள நினைச்சதை விடக் கொஞ்சம் மேல இறுகி நிண்டுட்டுதாம், மிச்ச மில்லிமீற்றர் அதில வந்தது.

நியாயமாச் சொன்னா அவர் செய்தது பிழையில்லை. கழண்டு கழண்டு விழுற மூட்டை விட 8 மில்லிமீற்றர் நீண்ட கால் நல்லது, ஆரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவினம், 10 மில்லிமீற்றருக்குள்ள எண்டா கனபேருக்குத் தெரியவே தெரியாதாம். வருசமும் அப்பிடி, டொலர் 200இல இருந்து 360க்குப் போய் மருந்துக்கே நாடு தவிச்ச வருசம். ஆனா எனக்கு ஒப்பரேசனுக்கு முந்தின மாசம் எக்ஸ்ரே படம் எடுத்தவை, தொடைக்கு நடுவில 25 மில்லிமீற்றர் உலோகக் குண்டு வச்சு, படத்தில எலும்பு பெருத்துத் தெரியிறதைக் கணக்குப் பண்ணி, கிண்ணம் இத்தினை தண்டு இத்தினை எண்டு போட்டுப் பாத்தவை. அந்தப் படத்திலயே என்ர தொடை எலும்பின்ர கழுத்து பக்கவாட்டில கூட நீண்டு நிக்குது எண்டு தெரிஞ்சிருக்கும் தானே? அப்ப அந்தத் தண்டு பெட்டியில இருக்கோ எண்டு பாத்துப்போட்டு எனக்குத் திகதி குடுத்திருக்கலாம். ரெண்டு கிழமை பொறு எண்டா பொறுத்திருப்பன், நாலு வருசம் வலியோட இருந்தனான். அதுவும் இல்லாட்டி, பேந்தாவது சொல்லியிருக்கலாம். ஒரு வருசம் பழகும் பழகும் எண்டு கேட்டு, பழகாதது என்ர பிழை எண்டு நினைச்சு அழுதிருக்கிறன், அதைத்தான் என்னால மன்னிக்க ஏலாம இருக்கு.

பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட செருப்புத் தைக்கிற ஐயா என்ர இடது செருப்பின்ர அடியை உரிச்சு, கறுத்த ரப்பர் சீற்றை வளைச்சு வெட்டி, குதியில தடிப்பு, விரல் பக்கம் மெல்லிசு எண்டு உளியால சீவிச் சீவி ஒட்டித் தந்தவர். போட்டா நடை நேர், சைக்கிள் கூட ஓடுறன். ஆனா இது யாழ்ப்பாணம், வீட்டுக்குள்ள ஆர் செருப்புப் போடுறது? படியில கழட்டினவுடன அந்த ரப்பர் வெளியில, நான் உள்ளுக்க. விடியக் காத்தால சீமெந்து நிலத்தில என்ர வலது குதி "டொக்" எண்டு முதல் விழுற சத்தம் எனக்கே கேக்கும். குந்துறதுமில்லை, சப்பாணி கட்டுறதுமில்லை, கமோட் வச்சாச்சு, அதெல்லாம் தெரிஞ்சு ஏற்றுக்கொண்டது. இது அப்பிடியில்லை.

இந்தமுறை நல்லூர்த் தேருக்கு வெறுங்காலோட மணலில மூண்டு மணித்தியாலம். வீதி சுத்தி வரேக்கயே இடது நாரி பிடிச்சிட்டுது, பச்சைத் தண்ணிப் பந்தல் வாங்கில இருந்துதான் தேர் இருப்புக்கு வாறதைப் பாத்தன்.

தங்கச்சி, நீ போய் கேக்க வேண்டியது இதுதான்: என்ர கழுத்துக்கு ஸ்டாண்டர்ட் தண்டோ ஹை ஆஃப்செட்டோ, ரெண்டும் என்ர சைஸில, மேல ஒரு சைஸ் கீழ ஒரு சைஸோட, அண்டைக்கு மேசைக்கு வருமோ. எழுதி வாங்கு. எக்ஸ்ரேயை எனக்கும் அனுப்பு, வெள்ளிக்கிழமை வாறன், கிளினிக்குக்குச் சேந்து போவம்.

புள்ளி கேட்டா, போன வருசம் 10க்கு 8 எண்டிருப்பன். இண்டைக்கு 5.