வெறுஞ்சுவரில் கண்ணாடி: பெரிதாக ஒன்றா, கட்டம் கட்டமாகவா, கூட்டமாகவா?

வெறுஞ்சுவருக்குக் கண்ணாடிதான் என்று முடிவானதும் மூன்று வழிகள் முன்னால் நிற்கும். ஒரே பெரிய கண்ணாடி, 30 செ.மீ. சதுரங்களை நெருக்கமாக ஒட்டிய கட்டம். பெரிதும் சிறிதுமாக ஏழெட்டுக் கண்ணாடிகளைச் சேர்த்து மாட்டும் கூட்டம். கடையில் பார்த்தால் மூன்றுமே அழகுதான். வீட்டுக்கு வந்தபின் எது தேறும் என்பது சுவரின் கையில் இருக்கிறது. சுவர் எவ்வளவு மட்டம், அதற்கு நேரெதிரே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வடிவமும் சட்டமும் அப்புறம்.

எதிரே என்ன தெரியும்?

ஒருவர் சிறிய கண்ணாடியைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கட்டும். இன்னொருவர் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து பார்க்கட்டும். கண்ணாடியை மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்திப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஜன்னலும் வானமும் தெரிந்தால் பெரிய கண்ணாடியைத் தயங்காமல் வாங்கலாம். அறைக்குள் வெளிச்சம் கூடுவது கண்கூடாகத் தெரியும். செருப்பு அடுக்கோ, ஒயர் கற்றையோ, டிவியோ தெரிந்தால் பெரிய கண்ணாடி அதை அப்படியே இரண்டாக்கிக் காட்டும். அங்கே கூட்டம்தான் சரி. துண்டு துண்டாகத் தெரியும்போது எதிரே இருக்கும் பொருள் கண்ணில் உறைக்காது, வெளிச்சம் மட்டும் வரும். இரவில் விளக்கைப் போட்டும் ஒருமுறை பாருங்கள். பகலில் அருமையாக இருந்த இடத்தில் இரவு பல்பு நேராகக் கண்ணைக் குத்தலாம்.

கட்டமாக இருந்தால் பிரதிபலிக்கும் பரப்பு எவ்வளவு, கூட்டமாக இருந்தால் எவ்வளவு என்றும் கணக்குப் போட்டுவிடுங்கள். 30 செ.மீ. சதுரம் ஒன்பது சேர்ந்தால் 0.81 சதுர மீட்டர். 50 செ.மீ. வட்டம் ஒன்று, 30 செ.மீ. வட்டம் இரண்டு, 20 செ.மீ. வட்டம் நான்கு என்று ஏழு கண்ணாடிகளைச் சேர்த்தாலும் 0.46 சதுர மீட்டர்தான் வரும். சுவரில் அதிக இடத்தை அடைத்தும் பிரதிபலிக்கும் பரப்பு கிட்டத்தட்ட பாதி. இருட்டறையை வெளிச்சமாக்குவதுதான் நோக்கம் என்றால் சிறு வட்டங்களை நம்பாதீர்கள்.

கட்டம்: மலிவாகத் தெரியும், மன்னிக்கவே மன்னிக்காது

அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். ஒவ்வொரு துண்டும் சுவரின் மேடு பள்ளத்துக்கு ஏற்பத் தனித்தனியாகச் சாய்ந்துகொள்ளும். கண்ணாடி எவ்வளவு கோணம் சாய்கிறதோ, பிம்பம் அதைப் போல இரண்டு மடங்கு விலகும். 30 செ.மீ. துண்டின் ஒரு விளிம்பு மற்றதைவிட வெறும் 2 மி.மீ. தூக்கியிருந்தால் போதும், 3 மீட்டர் தள்ளி நிற்கும் கதவு நிலை, அந்தத் துண்டில் 4 செ.மீ. விலகித் தெரியும். பக்கத்துத் துண்டில் நேராக வரும் கோடு இதில் ஒடிந்து நிற்கும். ஒன்பது துண்டும் ஒன்பது திசை பார்த்தால் உங்கள் முகம்கூடச் சேராது. எவ்வளவு துடைத்தாலும் தீராத குறை இது.

பட்டி பார்த்து வழவழப்பாக இருக்கும் சுவரும் மட்டமான சுவர் ஆகிவிடாது. ஒரு மீட்டர் நீள அலுமினியப் பட்டையைச் சுவரில் நெடுக்காகவும் குறுக்காகவும் வைத்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடியுங்கள். பட்டைக்கு அடியில் கசியும் வெளிச்சம்தான் பள்ளம். 30 செ.மீ. அகலத்துக்குள் 1 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் சுவரில் நேரடியாக ஒட்டாதீர்கள்.

அப்போதும் கட்டம்தான் வேண்டும் என்றால் வழி உண்டு. 12 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்றைச் சுவரில் ஆறு ஸ்க்ரூ போட்டுப் பிடித்து, பள்ளமான இடங்களில் பின்னால் மெல்லிய துண்டுகளைச் செருகிப் பலகையை மட்டமாக்குங்கள். ஸ்க்ரூவை இறுக்க இறுக்கப் பட்டையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள், இறுக்கும்போதுதான் பலகை வளையும். கண்ணாடித் துண்டுகளை அதன்மேல் ஒட்டலாம். கீழ் வரிசையில் தொடங்குங்கள். ரசமட்டம் பார்த்துப் பொருத்திய தற்காலிகப் பட்டை ஒன்றின்மேல் துண்டுகளை உட்கார வைத்தால் வழுக்காது. துண்டுகளுக்கு நடுவே 2 மி.மீ. இடைவெளிக்கு டைல்ஸ் ஸ்பேசர் போதும். 3 மி.மீ. கண்ணாடி என்றால் பலகையும் சேர்த்து மொத்தம் 12, 13 கிலோ வரும். இவ்வளவு வேலையையும் கூட்டிப் பார்த்தால் அதே அளவுக்கு ஒரே கண்ணாடி வெட்டி வாங்குவதே மேல் என்பது எங்கள் கருத்து. விளிம்பில் சாய்வு பட்டை தீட்டிய துண்டுகளுக்கு மட்டும் விதிவிலக்கு. அங்கே கோடு ஒடிவதே அழகின் பகுதியாகிவிடுகிறது.

ஒரே பெரிய கண்ணாடி

பிம்பத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. எடைதான் சவால். 1 மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 90-க்கு 120 செ.மீ., 5 மி.மீ. கனம் என்றால் கண்ணாடி மட்டுமே 13.5 கிலோ. எடையைக் குறைக்க 3 மி.மீ. எடுத்தால் சட்டத்தின் கோணலுக்கு ஏற்பக் கண்ணாடியும் வளைந்து முகத்தை இழுத்துக் காட்டும்.

செங்கல் சுவரில் இரண்டு துளைகள் போதும். ஆனால் பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் குழல்) பூச்சுக்குள்ளேயே நின்றுவிடக் கூடாது. பூச்சு பெரும்பாலும் 12 முதல் 20 மி.மீ. இருக்கும், அதைத் தாண்டிச் செங்கல்லைப் பிடிக்க வேண்டும். 8 மி.மீ. பிளக், 60 மி.மீ. ஆழத் துளை என்றால் நம்பலாம். டிரில்லிலிருந்து விழும் தூளைக் கவனியுங்கள்: சாம்பல் நிறம் மாறிச் செங்கல் நிறம் வந்தால் உள்ளே போய்விட்டது. ஜிப்சம் பலகைச் சுவரில் உள்ளிருக்கும் சட்டத்தைத் தேடிப் பிடித்து அதில்தான் ஸ்க்ரூ போட வேண்டும். ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் துளையிடவே வேண்டாம், ஒயர் குழாய் அந்தத் தடத்தில்தான் போகும்.

கம்பி கட்டித் தொங்கவிட்டால் மேல் விளிம்பு முன்னால் சாய்ந்து தரையைக் காட்டும். கொக்கிகளைச் சட்டத்தின் மேற்பகுதியில் வைத்து, கீழ் மூலைகளுக்குப் பின்னால் ஃபெல்ட் துண்டு ஒட்டினால் சரியாகும்.

ஆளுயரக் கண்ணாடி தேவை என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. முழு உருவம் தெரிய உங்கள் உயரத்தில் பாதி போதும், எவ்வளவு தள்ளி நின்றாலும் இது மாறாது. வீட்டில் 150 செ.மீ. உயரமானவரும் 170 செ.மீ. உயரமானவரும் இருந்தால், தரையிலிருந்து 70 செ.மீ.யில் தொடங்கி 165 செ.மீ.யில் முடியும் கண்ணாடி இருவருக்கும் ஆகும். அதாவது 95 செ.மீ. உயரம்.

கூட்டம்: கோணல் சுவருக்கு ஏற்ற துணை

ஒவ்வொன்றும் தனித்தனிப் படமாகத் தெரிவதால் ஒன்று லேசாகச் சாய்ந்தாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வட்டக் கண்ணாடி என்றால் ரசமட்டமே தேவையில்லை. பெரும்பாலான வீட்டுச் சுவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்போம்.

கெட்டுப்போவது இடைவெளியில். ஒன்றுக்கு 4 செ.மீ., இன்னொன்றுக்கு 15 செ.மீ. என்று விட்டால் சுவரில் சிதறிக் கிடப்பதுபோல் ஆகும். 5 முதல் 8 செ.மீ.க்குள் வைத்தால் கூட்டம் ஒன்றாக நிற்கும். ஒவ்வொரு கண்ணாடியின் அளவுக்கும் செய்தித்தாளை வெட்டி, மாட்டும் துளை எங்கே வரும் என்பதையும் அதில் குறித்து, சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பெரியதை நட்ட நடுவில் வைக்காமல் சற்றே கீழும் பக்கவாட்டிலுமாக வைத்து மற்றவற்றை அதைச் சுற்றி ஏற்றுங்கள். மொத்தக் கூட்டத்தின் நடு, தரையிலிருந்து 150 செ.மீ. அளவில் வரட்டும். கீழே சோபா இருந்தால் அதன் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கூட்டம் பரவினால் கண்ணுக்கு இதமாக இருக்கும். இடம் மனதுக்குப் பிடித்ததும் தாளின் மேலேயே துளையிட்டுவிட்டுத் தாளைக் கிழித்து எடுங்கள். அளவெடுப்பதில் வரும் பிழை இதில் வராது.

கண்ணாடியா, அக்ரிலிக்கா, ஸ்க்ரூவா, பசையா

அக்ரிலிக் என்பது கண்ணாடி போலப் பிரதிபலிக்கும் பிளாஸ்டிக் தகடு. 3 மி.மீ. அக்ரிலிக் சதுர மீட்டருக்கு 3.6 கிலோதான், கண்ணாடியில் பாதிக்கும் குறைவு. கண்ணாடி போலச் சில்லுச் சில்லாகச் சிதறாது. குழந்தைகள் அறைக்கும் கட்டிலுக்கு மேலேயும் அதுதான். ஆனால் கீறல் விழும், பெரிய அளவில் பிம்பம் நெளியும். 20 டிகிரி வெப்பம் ஏறினால் ஒரு மீட்டர் அக்ரிலிக் 1.4 மி.மீ. நீளும், அதனால் விளிம்போடு விளிம்பு நெருக்கி ஒட்டினால் உப்பிக்கொள்ளும்.

டபுள் சைடு டேப் விழுந்தால் எல்லோரும் டேப்பைத் திட்டுவார்கள். விழுந்த துண்டின் முதுகைப் பாருங்கள், பெயிண்டும் பட்டியும் உரிந்து அதிலேயே ஒட்டியிருக்கும். டேப் விடவில்லை, சுவர்தான் விட்டது. டிஸ்டெம்பர், சுண்ணாம்புச் சுவர்களில் பசையை நினைக்கவே வேண்டாம்.

சிலிகான் பசை வாங்கும்போது வாசனை முக்கியம். வினிகர் நெடி அடிக்கும் சிலிகானில் வெளியேறும் அமிலம் கண்ணாடியின் முதுகில் இறங்கி, பிம்பம் காட்டும் ரசப் பூச்சை அரிக்கும். நாளடைவில் முன்பக்கம் கறுப்புத் திட்டுகள் பூக்கும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். பின்புறம் நெடுக்குக் கோடுகளாகப் போடுங்கள், சுற்றி வளைத்து மூடிவிட்டால் உள்ளே காற்று போகாமல் பசை காயாது. 24 மணி நேரம் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும்.

துடைக்கும்போது திரவத்தைக் கண்ணாடிமேல் தெளிக்காமல் துணியில் தெளியுங்கள். வழிந்து இறங்கும் சொட்டு கீழ் விளிம்பில் தேங்கும், ரசம் போவது அங்கிருந்துதான். அக்ரிலிக்குக்கு அம்மோனியா கலந்த கிளீனர் ஆகாது, மயிரிழை விரிசல் விடும். சோப்புத் தண்ணீரும் மைக்ரோஃபைபர் துணியுமே போதும்.