காரைக்குடி ஆடிட்டர் அலுவலகம்: சிறு அறக்கட்டளைகளுக்கு ஏற்றதா?

தேவகோட்டைப் பக்கம் மாலை வகுப்பும் நூலகமும் நடத்தும் எங்கள் அறக்கட்டளையின் கணக்கைச் சில ஆண்டுகளாகக் காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகம் பார்த்து வருகிறது. தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட்டு, வருமான வரிப் படிவத்தை ஏற்றிவிட்டுக் கோப்பை மூடிவிடாமல், ஐந்தாண்டு வரவு செலவையும் ஐந்தொகையையும் (சொத்து, கடன் நிலையையும்) ஒரே தாளில் அடுக்கித் தருகிறார்கள் என்பதே இதை எழுதக் காரணம்.

ஓராண்டுக் கணக்கை மட்டும் பார்த்தால் எங்கள் நிலை செழிப்பாகவே தெரியும். அந்தத் தாளிலோ, உபரி நின்ற இரண்டு ஆண்டுகளும் யாரோ ஒருவர் வீட்டு அறுபதாம் சாந்தியை ஒட்டிப் பெருந்தொகை வந்த ஆண்டுகள் என்பதும், மாதச் சந்தா தொடர்ந்து இளைத்து வந்ததும் வெளிப்படையாகத் தெரிந்தன. அத்தொகையிலும் ஒரு பகுதி, வட்டியில் மட்டுமே நூல் வாங்க வேண்டும் என்ற கட்டளைப் பணம். அதைப் பொது வரவில் சேர்த்தால், வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்ற வரி விதி குறுக்கே வரும் என்பதால், கொடுத்தவரிடம் கடிதம் வாங்கி, மூலநிதியாகத் தனியே காட்டி, வங்கி வைப்பில் போடச் செய்தார்கள். கட்டளை நீங்கலான கையிருப்பு எத்தனை மாதச் செலவுக்குத் தாங்கும் என்று தாளின் அடியில் பென்சிலால் குறித்திருந்தார் அங்குள்ள கணக்கர்: முதலாண்டில் 9, கடைசி ஆண்டில் 4. சந்தாவை உயர்த்தும் தீர்மானத்தைக் கமிட்டி அன்றே நிறைவேற்றியது.

அந்தக் காலத்தில் செட்டியார்களின் வட்டிக்கடைகளை நடத்த பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மூன்றாண்டுத் தவணையில் போன ஏஜெண்டுகள் முதலாளியிடம் கணக்கு முடித்துக் காட்டிய செட்டிநாட்டுச் சீமையில், இப்படியொரு தாளை அறக்கட்டளைகள் கேட்டு வாங்காதது வியப்புத்தான்.

குறைகளும் உண்டு. தணிக்கை அறிக்கைக்குக் கெடு பொதுவாகச் செப்டம்பர் 30 என்பதால், அந்த மாதத்தில் போனை எடுக்கமாட்டார்கள். வவுச்சர்களை ஜூனிலேயே கொடுத்துவிடுவது நல்லது. வரிச்சலுகைக்குரிய (80ஜி) நன்கொடையாளர் பட்டியலை மே 31-க்குள் ஏற்றாவிட்டால் நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம் விழும். அதை அவர்களாக நினைவூட்டுவதில்லை. ஐந்தாண்டுத் தாளுக்குத் தனிக் கட்டணம் என்பதும் பில்லைப் பார்த்த பிறகே தெரியவரும். தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதால், கமிட்டியிலுள்ள பெரியவர்களுக்கு ஒருவர் உடனிருந்து படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உள்ளூர் நன்கொடையில் நடக்கும் சிறு அமைப்புகள் தயங்காமல் போகலாம். வெளிநாட்டு நிதி பெறுவோர் வேறிடம் பார்க்க வேண்டும், எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) கணக்கு எடுப்பதில்லை என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.