நிறமும் மாறக் கூடாது, தோலும் வெடிக்கக் கூடாது: துப்பாக்கி உறைக்கும் பெல்ட்டுக்கும் எது சரி?

இளம்பழுப்புத் தோல் பெல்ட்டில் எண்ணெய்த் துணியை ஒரு தடவை அழுத்தி எடுத்தால் போதும், அந்த இடம் மட்டும் காப்பிக் கறை போல நின்றுவிடும். தண்ணீர் பட்டுக் கருத்த தோல், காய்ந்ததும் ஏறக்குறைய பழைய நிறத்துக்கு வந்துவிடுகிறது. எண்ணெய் பட்டுக் கருத்தது வருவதில்லை. இரண்டும் கருப்பதற்குக் காரணம் ஒன்றுதான். தோலின் நார்களுக்கு நடுவே காற்று இருக்கும்வரை ஒளி அங்கே சிதறித் திரும்பும், தோல் வெளிறித் தெரியும். அந்த இடைவெளியில் திரவம் புகுந்தால் சிதறல் குறையும், நிறம் அடர்ந்துவிடும். தண்ணீர் ஆவியாகி இடத்தைக் காலி செய்துவிடும். எண்ணெய் அங்கேயே குடியேறிவிடும்.

தோல் வறண்டு வெடிக்காமல் இருக்கத் தடவும் பூச்சைத்தான் கண்டிஷனர் என்கிறார்கள். ஆக, ‘கருக்காத கண்டிஷனர்’ என்றால் எண்ணெயைக் குறைவாக விட்டுச்செல்லும் கண்டிஷனர் என்றே பொருள். நன்றாக ஊட்டம் தர வேண்டும், நிறமும் துளி மாறக் கூடாது என்று ஒரே பாட்டிலிடம் இரண்டையும் கேட்க முடியாது. இன்னொன்று: பெல்ட்டுக்கும் உறைக்கும் தேவை நேரெதிர். பெல்ட் நாள் முழுக்க வளைகிறது, அதற்குக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். உறை வளையவே கூடாது. இதை மறந்து இரண்டுக்கும் ஒரே எண்ணெயைத் தடவுவதில்தான் பாதிப் பிரச்சினை தொடங்குகிறது.

கறுப்பு நிறத் தோல் பெல்ட்டும் உறையும் வைத்திருப்பவர்களுக்கு நிறக் கவலை இல்லை. அவர்கள் உறைபற்றிய பகுதிக்கு நேராகப் போகலாம்.

முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர்

பெல்ட்டின் பக்கிள் மடிப்புக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சில நொடிகளில் உறிஞ்சிக் கருத்தால் அது பூச்சில்லாத தோல். எதைத் தடவினாலும் குடிக்கும், நிறம் மாறும் அபாயமும் அதிகம். முத்தாக நின்றால் மேலே அக்ரிலிக் பூச்சோ மெழுகோ இருக்கிறது. அதன்மேல் கண்டிஷனர் தடவினால் உள்ளே போகாமல் மேலேயே பிசுபிசுக்கும். அந்தப் பூச்சு உடைந்திராத வரை ஈரத்துணியால் துடைப்பது ஒன்றே போதும்.

சாயமே போடாமல், மரப்பட்டை போன்றவற்றின் துவர்ப்புப் பொருளான டானினால் பதனிட்ட தோல்தான் இருப்பதிலேயே கஷ்டமானது. எதையும் தடவாமல் வைத்தாலும் வெயில் பட்டே அது மெல்ல மெல்லத் தேன் நிறத்துக்கு வரும். அதைத் தடுக்கும் கண்டிஷனர் கிடையாது.

பெல்ட்டுக்கு: பிக் 4, லெக்சால், எண்ணெய் வகைகள்

நிறம் காப்பதுதான் முதல் நோக்கம் என்றால் பிக்மோரின் பிக் 4. தோலைக் கருக்காது என்று சொல்லியே விற்கப்படும் வெள்ளை லோஷன் இது. பூசும்போது தோல் ஈரமாகிக் கருத்து உங்களைப் பயமுறுத்தும். காய்ந்ததும் திரும்பிவிடும். குறை என்னவென்றால், வேலை மென்மையாகத்தான் நடக்கும். வறண்டு சொரசொரப்பான பழைய பெல்ட்டை இது ஒரே பூச்சில் உயிர்ப்பிக்காது. மழைக்கும் பெரிய காப்பு இல்லை.

லெக்சால் கண்டிஷனரும் தண்ணீரில் கலந்த எண்ணெய்தான். பிக் 4-ஐவிட ஆழமாக இறங்கும், பெல்ட் நன்றாக மிருதுவாகும். பூச்சில்லாத வெளிர் தோலில் அரைச் சாயல் அளவுக்கு நிறம் இறங்கலாம். நடுத்தரப் பழுப்பில் கண்ணுக்கே தெரியாது. வாங்கும்போது லேபிளைப் பாருங்கள்: லெக்சாலிலேயே நீட்ஸ்ஃபுட் வகை ஒன்று தனியாக உண்டு, அது வேறு சரக்கு.

நீட்ஸ்ஃபுட் எண்ணெய் மாட்டின் கால் எலும்புகளிலிருந்து எடுப்பது. தோலை மிருதுவாக்குவதில் அதை மிஞ்ச ஆளில்லை. நிறத்தைக் கருக்குவதிலும் அப்படித்தான். மிங்க் என்ற, கீரி போன்ற சிறு விலங்கின் கொழுப்பிலிருந்து எடுக்கும் மிங்க் எண்ணெயும் அதே ரகம். காலணிப் பிரியர்கள் பரிந்துரைக்கும் சஃபீர் ரெனோவேட்டரிலும் மிங்க் எண்ணெய் இருப்பதால், வெளிர் பெல்ட்டில் சோதிக்காமல் வைக்காதீர்கள். ஓபனாஃப்ஸ் போன்ற தேன்மெழுகுக் களிம்புகள் மழையில் நனையும் பூட்ஸுக்கு அருமை, இங்கே வேண்டாம். சமையலறை எண்ணெய்களைப் பற்றி ஒரு வரி போதும்: ஆலிவ் எண்ணெய் கருக்கவும் செய்யும், நாளடைவில் காறவும் செய்யும். ஆளிவிதை எண்ணெயோ காற்றுப் பட்டு இறுகி, மிருதுவாக்குவதற்குப் பதில் தோலை விறைக்க வைக்கும்.

எதை வாங்கினாலும் பாதி வித்தியாசம் கையில்தான் இருக்கிறது. 38 மி.மீ. அகலத்தில் ஒரு முழு பெல்ட்டுக்கு அரை டீஸ்பூன் போதும். லோஷனைத் தோல்மேல் நேராக ஊற்றக் கூடாது, விழுந்த இடம் மட்டும் அதிகம் குடித்து வட்டமாக நிற்கும். பழைய வெள்ளைப் பனியன் துணியில் ஊற்றி, துணியைக் கசக்கிப் பரவவிட்டு, பக்கிள் பக்கம் தொடங்கி நுனிவரை நிறுத்தாமல் ஒரே இழுப்பாக இழுங்கள். ஓட்டைகள் வரும் பகுதியைக் கடைசிக்கு விடுங்கள். ஓட்டையின் வெட்டு விளிம்பில் நார்கள் திறந்திருக்கும், மேல்பரப்பைவிடப் பல மடங்கு உறிஞ்சும். ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் கருவளையம் விழுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. துணி ஏறக்குறைய காய்ந்த பிறகு அந்த இடத்தை ஒற்றி எடுத்தால் போதும். கால் மணி நேரம் கழித்து வேறு துணியால் துடைத்துவிட்டு, 24 மணி நேரம் விட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது எடுக்கும் முடிவு எதுவும் சரியாக இருக்காது.

உட்புறத்தில் தடவ வேண்டாம். சொரசொரப்பான சதைப்பக்கம் ஏராளமாகக் குடிக்கும். ஓரிரு நாளில் அது முன்பக்கம் திட்டுத்திட்டாக ஊறிவரும். இரண்டு அடுக்கை ஒட்டித் தைத்த பெல்ட் என்றால் எண்ணெய் பசையையும் இளக்கும்.

உறைக்கு: கண்டிஷனர் வேண்டாம், மெழுகு வேண்டும்

தோலை நனைத்து, துப்பாக்கியின் வடிவத்துக்கே அழுத்திக் காயவைத்து உருவாக்குவது உறை. அந்த விறைப்புதான் துப்பாக்கியைப் பிடித்து வைத்திருக்கிறது. எண்ணெய் இறங்கினால் நிறம் போவது சின்ன நஷ்டம். வாய்ப்பகுதி தொய்ந்து, துப்பாக்கியை உள்ளே செருகும்போது மடிந்த தோல் டிரிகர்மேல் ஏறுவது உயிருக்கே ஆபத்து. அப்படித் தொய்ந்துபோன உறையை எந்தப் பூச்சும் சரிசெய்யாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

இங்கே போட்டி மெழுகுகளுக்குள். பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வகத்தில், காட்சிப் பொருள்களைக் காக்க உருவான ரெனைசான்ஸ் வேக்ஸ் ஒரு நுண்படிக மெழுகு. மிக மெல்லிய படலமாகப் பூசி, சில நிமிடம் விட்டுத் தேய்த்தால் போதும். நிறத்தை மிகக் குறைவாகத் தொடுவது இதுதான். ஊட்டம் எதையும் தராது, உறைக்கு அது குறையும் அல்ல. கார்னௌபா என்ற பனையோலை மெழுகு கலந்த நிறமில்லாத க்ரீம் இரண்டாவது. கார்னௌபா 82 டிகிரிக்கு மேல்தான் உருகும், படலம் கெட்டியாக நிற்கும். தேன்மெழுகு உருகுவது 62–64 டிகிரியில் என்றாலும், உடல் சூட்டிலேயே இளகத் தொடங்கித் தூசியைப் பிடிக்கும். நிறமில்லாத ஷூ பாலிஷ் சமாளிக்கும். ஆனால் கூடைப்பின்னல் அச்சுப் போட்ட உறையில் பள்ளங்களிலும் தையலிலும் வெள்ளையாகத் தங்கும். மிருதுவான பல்துலக்கும் பிரஷ்ஷால் எடுக்க வேண்டியிருக்கும்.

மெழுகு இறங்கட்டும் என்று ஹேர் டிரையரைப் பிடிப்பவர்கள் உண்டு. மேலே படலமாக நிற்க வேண்டிய மெழுகை உருக்கி நார்களுக்குள் அனுப்பினால் எண்ணெய் செய்யும் வேலையையே அதுவும் செய்யும். அதே டப்பா, அதே துணி. குளிர்ச்சியாகத் தேய்த்தால் நிறம் நிற்கும், சூடு காட்டினால் கருக்கும்.

துப்பாக்கியைக் குண்டுகள் நீக்கி வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் உறையைத் தொட வேண்டும். வெளிப்புறம் மட்டும் பூசுங்கள். உள்ளே பூசினால் மண்ணும் தூளும் ஒட்டி, துப்பாக்கியின் மேற்பூச்சைத் தேய்க்கும். குறைந்தது 24 மணி நேரம் காய்ந்த பிறகே திரும்பச் செருகுங்கள். ஈரத் தோலுக்குள் இரும்பு ஒரே இரவில் துருப்பிடிக்கும். அந்தத் துரு தோலையும் விடாது. இரும்பும் டானினும் சேர்ந்தால் மை போன்ற நீலக்கறுப்புக் கறை விழும்.

துடைக்கும்போதே கருத்துவிட்டால்

பல நேரம் கண்டிஷனரின் தலையில் விழும் பழி சோப்புக்கு உரியது. தாவரப் பதனிட்ட தோல் அமிலத்தன்மை உடையது. காரத்தன்மையுள்ள சோப்பு பட்டதும் டானின் அடர்ந்து பழுப்பேறும். தோலைத் துடைக்கவென்றே விற்கும் சேடில் சோப்புகளில் பலவும் காரத்தன்மை உள்ளவைதான். வெளிர் தோலை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஓரம் முதல் ஓரம்வரை முழுதாகத் துடையுங்கள். அழுக்குள்ள இடத்தை மட்டும் நனைத்தால், கரைந்த டானின் ஈரத்தின் விளிம்புக்கு ஓடி, காயும்போது அங்கே கோடு போட்டுவிடும்.

எண்ணெய் ஏற்கெனவே பட்டுவிட்டதா? உடனே சோளமாவையோ டால்கம் பவுடரையோ விரல் தடிமனுக்குக் குவித்து ஒரு நாள் விடுங்கள், தட்டிவிட்டு மறுபடி போடுங்கள். மேலோட்டமான எண்ணெய் இதில் வந்துவிடும். ஒரு வாரம் பொறுத்தால் மிச்சமும் தோலுக்குள் பரவிக் கொஞ்சம் வெளிறும். கரைப்பான் வைத்து எடுக்கப் போனால் சாயமும் சேர்ந்து வந்து கறை இரண்டாகிவிடும். அப்போதும் திட்டு தெரிந்தால், பெல்ட்டாக இருக்கும்பட்சத்தில், அதே எண்ணெயை மிச்ச இடம் முழுக்க மெல்லப் பூசி எல்லாவற்றையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவருவதுதான் வழி. உறை என்றால் திட்டோடு விட்டுவிடுங்கள்.