மேற்கு மாம்பலம் குவைன் கிளாஸ்: ரெண்டு ஞாயிறு போயிட்டு வந்தேன், தாராளமா போகலாம்

மாம்பலம் ஸ்டேஷன்ல மேற்குப் பக்கமா எறங்கி, ஆரிய கவுடா ரோட்டுல அயோத்தியா மண்டபம் தாண்டி ஒரு சந்துக்குள்ள போனா ரிட்டயர்டு சார் ஒருத்தர் வீட்டு மாடில கிளாஸ் எடுக்கறார். போர்டு எதுவும் கெடையாது, தெரிஞ்சவங்க சொல்லித்தான் போகணும். எடுக்கறது ஒரே ஒரு விஷயம், குவைன். ரன் பண்ணினா தன்னோட சோர்ஸ் கோடையே, அதாவது தன்னை எழுதின வரிகளையே, ஒரு எழுத்து கூட மாறாம பிரிண்ட் பண்ற குட்டி புரோகிராம். ரெண்டு ஞாயிறு, காலைல 9லேருந்து 1 வரைக்கும், மொத்தம் 600 ரூபா, நடுவுல காபி உண்டு.

காலேஜ் படிக்கறப்போ வேற ஒரு இன்ஸ்டிட்யூட்ல சி புரோகிராமிங் கோர்ஸ் சேர்ந்தேன், அங்க இது ஒரு இன்டர்வியூ கேள்வி, ஆன்சர ஜெராக்ஸ் போட்டு குடுத்து மனப்பாடம் பண்ணிக்கோங்கன்னு சொல்லிட்டாங்க, நானும் பண்ணேன், ஒரே வாரத்துல மறந்துபோச்சு, அது ஏன் வேலை செய்யுதுன்னு பத்து வருஷமா எனக்குப் புரியவே இல்ல. அந்த ஆதங்கத்துலதான் இங்க போனேன்.

இங்க முதல் ஒரு மணி நேரம் லேப்டாப்பையே தொறக்க விடல. ஆளுக்கு ஒரு தாளக் குடுத்துட்டு கரும்பலகைல இத எழுதினார்:

பின்னாடி வர்றத ரெண்டு தடவை எழுது, ரெண்டாவது தடவை மேற்கோளுக்குள்ள: "பின்னாடி வர்றத ரெண்டு தடவை எழுது, ரெண்டாவது தடவை மேற்கோளுக்குள்ள:"

"அதுல சொன்னபடி செய்ங்க"ன்னார், அவ்ளோதான். செஞ்சு முடிச்சுப் பாத்தா என் தாள்ல இருந்தது அதே வரி, கமா, மேற்கோள் குறி வரைக்கும் அதே! உடம்பு சிலுத்துப்போச்சு எனக்கு. மேற்கோளுக்கு வெளில இருக்கறப்போ அது கட்டளை, உள்ள இருக்கறப்போ அதே வாசகம் வெறும் எழுத்து. பிரிண்டுக்குள்ள பிரிண்ட் அதுக்குள்ள பிரிண்ட்னு முடிவே இல்லாம போகுமேன்னு நாம பயப்படற எடத்துல, ஒரே சரக்க ரெண்டு விதமா உபயோகப்படுத்தி தப்பிச்சு வந்துடறோம். வான் நியூமன்ங்கற கணித மேதை 1940கள்லயே தன்னைத்தானே உண்டாக்கிக்கற இயந்திரத்துக்கு இதே வழியத்தான் யோசிச்சு வச்சிருந்தாராம், டிஎன்ஏவோட வடிவம் தெரிஞ்சதே 1953லதான், அதுவும் பாத்தா இப்படியேதான், ஒரு பக்கம் அதப் படிச்சு புரோட்டீன் தயாராகுது, இன்னொரு பக்கம் அத அப்படியே காப்பி எடுக்குது. இத சார் சொன்னப்போ காபி ஆறிப்போனது கூட யாரும் கவனிக்கல. குவைன்ங்கற பேரு வில்லார்டு குவைன்ங்கற தத்துவ அறிஞரோட பேரு, ஹாஃப்ஸ்டாட்டர்ங்கற எழுத்தாளர் 1979ல வச்சது.

அப்புறம்தான் கோடு. சி மொழில இரட்டை மேற்கோள் குறிக்குள்ள அதே குறிய நேரடியா போட முடியாம எல்லாரும் முழிச்சோம், அதுக்கு பதிலா 34ங்கற நம்பர குடுத்து அந்தக் குறிய வரவழைக்கலாம்னு பக்கத்துல இருந்த தம்பிதான் கண்டுபிடிச்சான். நான், "சார், தன்னோட ஃபைலயே தொறந்து படிச்சு பிரிண்ட் பண்ணிட்டா?"ன்னு கேட்டேன், "அது திருட்டும்மா"ன்னுட்டார். ஒண்ணுமே எழுதாத காலி ஃபைல் கூட ஒண்ணுத்தையும் பிரிண்ட் பண்ணாததால குவைன்தானேன்னு, புரியாத மாதிரி சி கோடு எழுதற சர்வதேசப் போட்டிக்கு 0 பைட் புரோகிராம் ஒண்ணு அனுப்பி 1994ல பரிசே வாங்கியிருக்காங்க, அதையும் சொன்னார்.

ரெண்டாவது வாரம் பைத்தான்ங்கற இன்னொரு மொழி. பைத்தான் 3ல வேரியபிள் பேரு தமிழ்லயே வைக்கலாம், அதனால என் வேரியபிள் பேரு 'அ'. கடைசில ஆசைக்கு ஒரு கமெண்ட் (கம்ப்யூட்டர் கண்டுக்காத குறிப்பு), 'ரிக்‌ஷா'ன்னு ஒரு வெப்சைட்லேருந்து காப்பி பண்ணிப் போட்டேன். அவுட்புட்ட இன்னொரு ஃபைல்ல போட்டு சிஎம்பி கமாண்ட்ல ஒப்பிட்டா, ரெண்டும் ஒண்ணா இருந்தா அது சத்தமே போடாது. எனக்குப் போட்டுச்சு! கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியல, பெருசாக்கிப் பாத்தா அவுட்புட்ல ஸ்ட்ரிங்குக்குள்ள, அதாவது மேற்கோளுக்குள்ள இருக்கற எழுத்துல, 'க்'குக்கும் 'ஷா'வுக்கும் நடுவுல பேக்ஸ்லாஷ் யூ200சின்னு நிக்குது. 'க்ஷ'ன்னு ஒட்டிக்காம தனித்தனியா தெரியறதுக்காக நடுவுல ஒரு கண்ணுக்குத் தெரியாத எழுத்து உக்காந்திருக்கு, பைத்தான் ஸ்ட்ரிங்க மேற்கோளோட காட்டறப்போ அத மட்டும் இப்படி உடைச்சுக் காட்டிடுது. சார் வந்து பாத்தார், சிரிச்சார், "உங்களுக்கே வரும்மா, நேத்து தாள்ல என்ன செஞ்சோமோ அதேதான்"னு சொல்லிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போயிட்டார், போன வாரத்த நேத்துன்னுதான் சொல்வார் எப்பவும். முக்கால் மணி நேரம் ஆச்சு. ஸ்ட்ரிங்குக்குள்ள நானே பேக்ஸ்லாஷ் யூ200சின்னு எழுதணும், வெளில இருக்கற கமெண்ட்ல அந்த எழுத்த அப்படியே விடணும். உள்ள வேற, வெளில வேற. சிஎம்பி சத்தம் போடல. பக்கத்து சீட் பொண்ணு "அக்கா!"ன்னு கையப் புடிச்சுக் குலுக்கினா. ஜெராக்ஸ்ல கெடைக்காதது இதுதாங்க.

குறைன்னா ஒண்ணு பெரிய குறை. யுனிக்ஸ உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான கென் தாம்ப்சன், கம்ப்யூட்டர் துறையோட பெரிய விருதான டூரிங் விருதுக்காகப் பண்ண உரை, 1984ல அச்சுல வந்தது, குவைன்லதான் ஆரம்பிக்குது, அப்படியே நகர்ந்து கம்பைலரோட (நாம எழுதற கோட கம்ப்யூட்டர் ஓட்டற மாதிரி மாத்தித் தர்ற புரோகிராம்) சோர்ஸ்ல எந்தத் தடயமும் இல்லாம தலைமுறை தலைமுறையா ஒரு கள்ளக்கதவ கடத்திட முடியும்னு காட்டுது. நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருக்கேன், எனக்கு இதுதான் தூக்கத்தக் கெடுத்த எடம், இதுக்குப் போய் கடைசி 20 நிமிஷம்தான் குடுத்தார். மூணாவது ஞாயிறு ஒண்ணு சேத்து 900 ரூபா வாங்கிக்கோங்க சார்னு கேட்டிருக்கேன், "பாப்போம்மா"ன்னார்.

பதினோரு பேருக்கு நாலு பிளக் பாயிண்ட்தான், லேப்டாப்ப முழுசா சார்ஜ் போட்டு எடுத்துட்டுப் போங்க. ஃபேன் ஒண்ணுதான், ஜன்னல் பக்கம் எடம் வேணும்னா எட்டே முக்காலுக்கே போயிடுங்க.